கார்கில் வெற்றி நாள்: பள்ளியில் அஞ்சலி நடத்தும் முறை?

கேள்வி: ஜூலை 26 அன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் முன்னாள் படைவீரர்களை அழைத்து அஞ்சலி செலுத்துகிறோம். கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டுமா? நிகழ்ச்சி வரிசை என்ன?

பதில் 1: அரைக்கம்பம் வேண்டாம். அரசு உத்தரவு இருந்தால்தான் அது. இது வெற்றி நாள், கொடி உச்சியில்தான் பறக்க வேண்டும். வரிசை: மலர் வளையம், ‘லாஸ்ட் போஸ்ட்’ (மறைந்த வீரர்களுக்கு விடைகொடுக்கும் பியூகிள் எனும் ஊதுகொம்பு இசை), 2 நிமிட மௌனம், மௌனத்தை முடித்துவைக்கும் ‘ரௌஸ்’ பியூகிள் இசை. பியூகிள் வாசிப்பவர் கிடைக்காவிட்டால் ஒலிப்பதிவை முன்பே தரவிறக்கி வையுங்கள். இணையத்தில் நேரடியாகப் போட்டால் நடுவில் விளம்பரம் வந்து மௌனமே கெட்டுப்போகும்.

பதில் 2: ஆடிக் காற்றை மறக்காதீர்கள். மலர் வளையத் தாங்கியின் பின்கால்களில் மணல் மூட்டை வையுங்கள், வளையத்தை மேலும் கீழும் கம்பியால் கட்டுங்கள். மெழுகுவத்தி நிற்காது, கண்ணாடிக் கூண்டு விளக்கு நல்லது.

பதக்கங்கள்: பெற்றவர் இடப்பக்க மார்பில் அணிவார். வீரமரணம் அடைந்தவரின் குடும்பத்தார் வலப்பக்கம் அணிவார்கள். தொகுப்பாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தவறென்று நினைத்துத் திருத்தப் போனால் அந்தக் குடும்பம் எவ்வளவு நோகும்!

பதில் 3: மூத்தவர்களை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். நிழலில் நாற்காலி போடுங்கள், மௌனத்தின்போது உட்கார்ந்திருக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அழைப்புக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

பேச்சில் திருச்சி மேஜர் சரவணனைச் சொல்லுங்கள்: பீகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர், கார்கில் போரில் 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார், வீர் சக்ரா விருது பெற்றவர். அந்தப் போரில் உயிர்நீத்த இந்திய வீரர்கள் 527 பேர்.