எண்-எழுத்து முறையில் 40 முதல் 59 வரை மட்டும் சிக்குகிறது

எண்களைப் படமாக்கி நினைவில் வைக்க 00–99 பட்டியல் போட்டு ஆறு வாரம் ஆகிறது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் சில மெய்யெழுத்துகள்; அவை வரிசையாக வரும் சொல்தான் அந்த எண்ணின் படம். குறியீடு: 1 த/ட, 2 ந/ன/ண, 3 ம, 4 ர/ற, 5 ல/ள/ழ, 6 ச, 7 க, 8 வ, 9 ப, 0 ய. சொல்லின் முதல் இரண்டு மெய்கள் மட்டுமே கணக்கு. 32 மான், 12 தேன், 74 கார், இவையெல்லாம் ஒரு நொடியில் வருகின்றன.

சிக்கல், தமிழ்ச் சொல் ர, ல-வில் தொடங்காது என்பதுதான். ரயில் (40), லாரி (54) போன்ற கடன்சொற்கள் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. பிறகு முன்னால் வரும் உயிரெழுத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தேன்: எருமை 43, உரல் 45, அரிவாள் 48, உலக்கை 57. படம் பளிச்சென்று வருகிறது, எண்ணாக மாற்றத்தான் மூன்று நான்கு நொடி. போதாததற்கு, உரல் வைத்த இடத்தில் உலக்கையும் வந்து நிற்கிறது. 45-ஆ 57-ஆ தெரிவதில்லை.

1, 3, 7, 16 நாள் இடைவெளியில் திருப்புதல், இந்த இருபதுக்கு மட்டும் தனிப் பயிற்சி இரண்டும் செய்தாயிற்று. பலன் இல்லை. 4, 5-க்கு எழுத்தையே மாற்றினால் 36 படங்கள் போய்விடும்.

தமிழில் இந்த முறையைப் பயன்படுத்துபவர்கள் 4-க்கும் 5-க்கும் எந்த எழுத்துகளை வைத்திருக்கிறீர்கள்?