எதிராளி கையில் என்ன சீட்டு? நீங்கள் சரியாகக் கணித்ததும் கோட்டை விட்டதும்

மொட்டை மாடி:
எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை ராத்திரி ஆறேழு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுகிறோம். ஹோல்டெம்தான்: ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி, தரையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; அதில் முதல் மூன்று ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். பணம் கிடையாது, ஆளுக்கு 100 புளியங்கொட்டை. முன்பு ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு கொட்டைக்கு வந்துவிட்டார்கள்.

எதிர் பிளாட் சார் ஒருவர் வருவார். வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டையை ஐந்தைந்தாகக் குவித்துத் தள்ளும்போதுகூட, நோட்டு எண்ணுகிற பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் நாலு கை ஆடினால் அதிகம். மற்றதெல்லாம் ஃபோல்டு, சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவார்.

அன்றைக்கு அவர்தான் முதலில் பேச வேண்டும். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் வைக்க வேண்டிய பிளைண்டு 1, 2. அவர் 6 கொட்டை வைத்தார். பிளைண்டு வைத்தவர்கள் உட்பட எல்லோரும் கழன்றுகொண்டார்கள். நான் கடைசி ஆள், கையில் ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு ராணி. நானும் அதே 6 வைத்து கால் செய்தேன். ஃப்ளாப்பில் டைமண்டு ராணி, கிளாவர் 8, ஆர்ட்டின் 3. அவர் 8 வைத்தார், நானும் வைத்தேன். அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்: சாரிடம் ஏஸும் ராஜாவும், ஒன்றும் சேரவில்லை, சும்மா மிரட்டுகிறார். டர்னில் ஒரு 5 வந்தது, அவர் 20 வைத்தார். ரிவரில் ஒரு 2. மிச்சமிருந்த 50 கொட்டையையும் அப்படியே நடுவில் தள்ளினார். நான் யோசிக்கவே இல்லை, கால்.

இரண்டு ராஜா.

தோற்றதுகூடப் பரவாயில்லை. ஃப்ளாப்பில் பிடித்த முயலுக்கு ரிவர் வரை மூன்றே கால் என்று நின்றேனே, அதுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் ஆளாக உட்கார்ந்து அந்த சார் எதற்கெல்லாம் பந்தயத்தை ஏற்றி ரெய்ஸ் செய்வார்? 10 ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை, அப்புறம் ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி. அவ்வளவுதான்.

எந்த ஜோடியும் ஆறு விதமாக வரலாம், ஏஸ்-ராஜா 16 விதமாக வரலாம். ஆனால் ஒரு ஏஸும் ஒரு ராணியும் என் கையில், இன்னொரு ராணி தரையில். அதனால் ஏஸ் ஜோடி 3, ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 1. ஆக என்னை அடிக்கும் கை 10. ஜாக்கி ஜோடி 6, பத்து ஜோடி 6, ஏஸ்-ராஜா 12, இந்த 24 கையை நான் அடிப்பேன். அதே ஏஸ்-ராணி அவரிடமும் இருக்க 6 வழி, வந்தால் ஆளுக்குப் பாதி.

ஃப்ளாப் வரை நான்தான் ராஜா, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 24 கையில் எது ரிவரில் 50 கொட்டையைத் தள்ளும்? இரண்டு வாரம் முன்னால் இதே சார் பத்து ஜோடியை வைத்துக்கொண்டு, தரையில் ஒரு ராஜா விழுந்ததும் டர்னில் பந்தயம் வைக்காமல் தட்டிவிட்டு அடங்கினார். நான் பார்த்தேன். ஆக ஜாக்கியும் பத்தும் போச்சு. ஏஸ்-ராஜாவுக்கு மூன்று முறை பந்தயம் வைக்கிற ஆளும் அவர் இல்லை. மிஞ்சுவது பதினாறு கை: பத்தில் தோல்வி, ஆறில் பாதி. நூற்றுக்கு 19கூடத் தேறவில்லை. 50 போட்டு மொத்தம் 171 கொட்டையை எடுக்க நூற்றுக்கு 29 தேறணும்.

உங்களுக்கு இப்படி நடந்ததைச் சொல்லுங்கள்.

ரிவரில் போனவன்:
கோவா, மாண்டவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பல் ஒன்றில் எனக்கு நடந்தது. எதிரே ஒரு சின்னப் பையன். ரிவரில் பெரிய தொகை வைக்கும்போது அவன் விரல் நடுங்கி, சிப் அடுக்கு சரிந்தே விட்டது. பயப்படுகிறான், வெறும் கையோடு ப்ளஃப் என்று கால் செய்தேன். ஏஸ் ஃப்ளஷ் காட்டினான், ஏஸோடு ஐந்தும் ஒரே வகைச் சீட்டு. நல்ல கை விழுந்த படபடப்பிலும் கை நடுங்கும் என்று அப்புறம்தான் பெரிய ஆட்டக்காரர்கள் சொல்லிக் கேட்டேன். அன்றிலிருந்து மூஞ்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தச் சுற்றில் எவ்வளவு வைத்தான் என்று மட்டும் பார்க்கிறேன். அந்த நடுக்கத்தின் விலை என் திரும்பி வரும் பஸ் டிக்கெட்டும் சேர்த்து.

டீக்கடை பெஞ்ச்:
இத்தனை கணக்கும் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் சார். எல்லாம் லக்.

கணக்கு வாத்தியார்:
பெஞ்ச் தம்பி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. சரியாகக் கணித்தும் கோட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2003 போக்கர் உலகப் போட்டி, லாஸ் வேகாஸ். 839 பேர், ஆளுக்கு 10,000 டாலர் நுழைவுக் கட்டணம். கடைசியில் இரண்டே பேர்: தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா, கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். மணிமேக்கர் அந்த மேசைக்கு வந்ததே ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாகத்தான். ஒரு கையில் ஃபார்ஹாவிடம் ராணியும் 9ம், தரையில் பெரிய சீட்டும் 9தான். மணிமேக்கரிடம் ராஜாவும் 7ம், ஒரு ஜோடிகூட இல்லை. ஃப்ளஷுக்குக் காத்திருந்து ரிவரில் வராமல் போனது. இருந்ததையெல்லாம் தள்ளினார். ஃபார்ஹா வெகுநேரம் யோசித்தார். உனக்கு ஃப்ளஷ் தவறிவிட்டது போல என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு ஃபோல்டு செய்தார்! மணிமேக்கர் ஜெயித்துக் கொண்டுபோனது 25 லட்சம் டாலர்.

ஃபார்ஹா சீட்டைச் சரியாகத்தான் படித்தார். தான் படித்ததை நம்பவில்லை. எனக்கும் இது நூறு தடவை நடந்திருக்கிறது, டெலிவிஷன்தான் வரவில்லை.

ஸ்கார்பரோ மாமா:
நாங்கள் ஊரில் 304 என்ற சீட்டாட்டம் அடிச்சு வளர்ந்த ஆக்கள். 32 சீட்டு, ஆளுக்கு 8. ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. கேட்ட வகைச் சீட்டு இல்லாமல் ஒருத்தர் வேறொன்றைப் போட்டால், அது அவரிடம் இல்லை என்று உடனே தெரிஞ்சிடும். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு யாரிடம் என்ன கிடக்கு என்று என்ரை பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா. மற்றதையெல்லாம் வெட்டுற துரும்பு வகையைத் திறக்க முதலே என்ன துரும்பு என்று சொல்லி மனிசரைக் கலைப்பா. அந்தத் துணிவில் இங்கே பெடியளோடை போக்கருக்கு இருந்தேன். இதிலை தோற்றவன் சீட்டைக் காட்டாமல் மூடி எறிஞ்சிட்டுப் போறான்! எதை எண்ணுறது? மொட்டை மாடித் தம்பி சொன்ன மாதிரி, ஆள் முந்தி எப்படி ஆடினவர் என்று ஞாபகம் வைக்கிறதுதான் ஒரே வழி. அதுக்கு எனக்கு இப்ப ஞாபகம் காணாது.

மொட்டை மாடி:
எல்லோருக்கும் நன்றி. மாமா, உங்கள் பெரியம்மாவை எங்கள் சாரோடு உட்கார வைத்துப் பார்க்க ஆசை.

போன சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதே சார், முதல் ஆளாக ரெய்ஸ். என்னிடம் ஏஸ், ஜாக்கி. ஃப்ளாப்பில் ஜாக்கி வந்தது, மற்ற இரண்டும் சின்னச் சீட்டு. மூன்று சுற்றும் பந்தயம் வைத்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஜாக்கி ஜோடி என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். பக்கத்து ஆள் கொட்டாவி விட்டார். ஃபோல்டு செய்தேன்.

சார் சீட்டைத் திருப்பாமல் கட்டுக்குள் செருகினார்.

"சார், ராஜா ஜோடியா?"

விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு கொட்டையை ஐந்தைந்தாகக் குவித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"பிளைண்டு உங்களுது தம்பி. வைங்க."