மறு: ஃபிங்கர்ஸ்டைலுக்கு ‘விரல்நடை’ சரிவருமா?

வணக்கம். கிட்டார் தந்திகளை விரல்களால் மீட்டும் ‘ஃபிங்கர்ஸ்டைல்’ முறைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்தவற்றுக்கு என் பதில்.

> ஸ்டைல் என்றால் நடை. உரைநடை போல விரல்நடை என்று வைத்துவிடலாமே.

ஐயா, சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இசை படித்தவரிடம் நடை என்றால் தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையையும் மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையா, ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையா என்று கேட்பார். ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடு அது.

இழையில் வந்த இன்னொரு சொல்லான ‘விரல்மீட்டு’ இதைவிட மேல். பிக் (தந்தியைத் தட்டும் சிறு வில்லை) பிடிக்காமல் விரலால் மீட்டுவது, அவ்வளவுதானே என்று முதலில் நானும் அதற்குத்தான் கைதூக்கினேன். கிட்டார் கற்க ஆரம்பித்து இது ஐந்தாவது மாதம். இப்போது அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் கட்டைவிரலில் பிக் மாட்டிக்கொண்டுதான் வாசித்தார். அவர் பெயரிலேயே ‘டிராவிஸ் பிக்கிங்’ என்று ஒரு முறை இருக்கிறது. அவரையே வெளியில் நிறுத்துகிற சொல் நமக்கு எதற்கு?

கட்டைவிரலுக்கு ஒரு வேலை, மற்ற விரல்களுக்கு வேறு வேலை. இதன் உயிர் அங்கேதான். சி மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் 5ஆம் தந்தி, 4ஆம் தந்தி, மறுபடி 5, 4 என்று விடாமல் தட்ட வேண்டும். அதன்மேல் சுட்டுவிரல் 3ஆம் தந்தியிலும் நடுவிரல் 2ஆம் தந்தியிலும் மெட்டை எடுக்கும். சொல்ல எளிது. இரண்டு தட்டுக்கு நடுவே, அரை எண்ணிக்கையில், நடுவிரல் விழ வேண்டிய இடம் வந்தால் போதும், என் கட்டைவிரலும் கூடவே ஓடிவந்து விழும். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டுக்கு இறக்கியும் மூன்று வாரம் இதே கதை.

வீணைக்காரர்களுக்கு இது புதிதில்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் நான்கு தந்திகளில் ராகத்தைக் கவனிக்க, மூன்று தாளத்தந்திகளைச் சுண்டுவிரல் பார்த்துக்கொள்ளும். கிட்டாரில் அந்தப் பொறுப்பு கட்டைவிரலுக்கு.

ஆகவே என் பரிந்துரை: பிரிவிரல் மீட்டு. வினைத்தொகை. பிரிந்த விரல், பிரிகின்ற விரல், (என் கதையில்) என்றாவது பிரியும் விரல்.

> பொருநராற்றுப்படையில் யாழ் மீட்டுவதைப் பற்றி ‘வாரியும் வடித்தும் உந்தியும் உறழ்ந்தும்’ என்று வருகிறதே. ‘வடித்தல்’ ஆகாதா?

சிலப்பதிகார உரைப்படி வடித்தல் என்பது சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை ஆராய்வது. கூட்டி! நமக்கு வேண்டியதோ பிரிப்பது. தவிர, சோறு வடிக்கிற ஞாபகம் வரும். வாருதலை வேண்டுமானால் ஸ்ட்ரம்மிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு தந்தியையும் ஒரே இழுப்பில் வாருவதுதானே. உரையில் அது சுட்டுவிரல் தொழில் என்று மட்டும்தான் இருக்கிறது. பொருளைக் கொஞ்சம் நீட்டுகிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

விரல் குறியீடு பற்றி: எந்த விரலால் மீட்டுவது என்று கிட்டார் பாடங்களில் குறிக்கும் பி, ஐ, எம், ஏ என்பவை ஸ்பானிய விரல் பெயர்களின் முதலெழுத்துகள். நமக்கு பெ (பெருவிரல், அதாவது கட்டைவிரல்), சு, ந, மோ போதும். மோதிரவிரலுக்கு வெறும் ‘ம’ போட்டால் மத்திமம் என்ற சுரமாக வாசித்துவிடுவார்கள்.

கட்டைவிரல் மாறி மாறித் தட்டும் அந்தக் கீழ்ச்சுரங்களுக்கு ‘ஊசல் மந்தரம்’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.

ஒன்று மட்டும் உதைக்கிறது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையனிடம் “பிரிவிரல் பழகுறேன்” என்றேன். “விரல்ல அடிபட்டுச்சா அண்ணா?” என்றான். ‘மீட்டு’ என்பதை விடாமல் சேர்த்தே சொல்ல வேண்டும்போல.