கடலூரிலிருந்து சிங்கப்பூர்: விமானத்தில் எத்தனை மணி நேரம்?

மஞ்சக்குப்பம்வாசி: அம்மா முதல் முறையாக, அதுவும் தனியாக, தங்கச்சி வீட்டுக்குச் சிங்கப்பூர் போகிறார். டிக்கெட்டில் சென்னையில் இரவு 11.30க்குப் புறப்பட்டு காலை 6.30க்கு இறங்குவதாக இருக்கிறது. ஏழு மணி நேரமா உட்கார வேண்டும்? அவருக்கு மூட்டு வலி.

ஈசிஆர் பயணி: இல்லைங்க. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதைக் கழித்தால் நாலரை மணி நேரம்தான். தூரம் சுமார் 2,900 கி.மீ., பெரும்பகுதி கடல் மேல்தான். உண்மையான அலுப்பு தரையில்தான்: கடலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கே நாலு மணி நேரம் ஆகிவிடும், அப்புறம் மூன்று மணி நேரம் முன்னாடியே உள்ளே போய்க் காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு விமான நிறுவனத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.

புதுவை நண்பர்: அடுத்த முறை திருச்சியையும் பாருங்கள், நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். நம்ம புதுச்சேரியிலிருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. இன்னொன்று, சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை, இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம்தான், பணம் கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

மஞ்சக்குப்பம்வாசி: ரொம்ப நன்றி. நாலரை என்றதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. சக்கர நாற்காலிக்கு இன்றே சொல்லிவிடுகிறேன்.