தங்கச்சிக்கு நடிப்பில் விருப்பம்: மேடையா, ரிவியா, சினிமாவா முதல்?

கோண்டாவில்காரன்:
தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள், நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். தமிழ்த்தினப் போட்டியில் நடித்துப் பரிசு வாங்கியதிலிருந்து நடிகையாகத்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பா அவளோடு கதைப்பதையே விட்டுவிட்டார். அம்மம்மா மட்டும், "மனோரமாவும் நாடகத்தில இருந்துதானே வந்தவ" என்று அவள் பக்கம். மனோரமா உண்மையில் எப்படி மேலே வந்தார்? அந்த வழி இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு பிள்ளைக்குச் சரிவருமா?

பழைய ரசிகன்:
அம்மம்மா சொன்னது சரி, ஆனால் ஆசைப்பட்டுப் போனவர் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1937இல் மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, வீட்டுக் கஷ்டத்தால் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு நாடகத்துக்குப் போனவர். கோபிசாந்தா என்ற சொந்தப் பெயர் மனோரமா ஆனதும் நாடகத்தில்தான். 1958இல் கண்ணதாசன் எடுத்த மாலையிட்ட மங்கை படத்தில் நகைச்சுவை வேடம், 1963இல் கொஞ்சும் குமரியில் கதாநாயகி. நாயகியாகவே நிற்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் பத்து வருடத்தில் ஆளை மறந்திருப்போம் என்பது என் எண்ணம். சிரிப்பு, அம்மா, ஆச்சி என்று எது வந்தாலும் செய்ததால்தான் ஆயிரம் படம் தாண்டி கின்னஸில் பெயர் வந்தது. தில்லானா மோகனாம்பாள் (1968) ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி, அந்த நடையும் குரலும் மேடையில் நின்று பழகாத ஒருத்திக்கு வருமா? புதிய பாதை படத்துக்குத் தேசிய விருது கிடைத்தபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்புறம் ரிவித் தொடர்களிலும் நடித்தார்.

அரங்கு ரீச்சர்:
மனோரமா காலத்தில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டுச் சம்பளம் கொடுத்த குழுக்கள் இருந்தன. இங்கே அப்படி ஒன்றை நம்பி வீட்டை விட்டுப் போக முடியாது. எங்கள் இசை நாடகத்தில் பெண் வேடமும் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள், ஆகவே அப்பாவின் கோபம் புதிதில்லை. ஆனால் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரிக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. கம்பஸிலும், அதாவது பல்கலைக்கழகத்திலும், இந்தப் பாடம் இருக்கிறது. அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்து அதைப் படித்தாள் என்றால் பிறகு நாடக ரீச்சராகவாவது நிற்கலாம், மாதம் முடியச் சம்பளம் வரும், பின்னேரம் ஒத்திகை. அப்பாவிடம் இந்த வழியாகக் கதைத்துப் பாருங்கள்.

மானிப்பாய் மச்சாள்:
நான் குறும்படம் ஏழு நடித்திருக்கிறேன். நாலுக்குச் சாப்பாடும் பஸ் காசும்தான். கொழும்பில் ஒரு ரிவித் தொடருக்குப் போய் மூன்று நாள் நின்றேன், காசு இன்னும் வரவில்லை, ஃபோன் எடுத்தால் கூட்டத்தில் இருக்கிறோம் என்கிறார்கள். ஆகவே எழுத்தில் வாங்காமல் எங்கும் போகவிட வேண்டாம், முதல் தடவை வீட்டில் ஒருவர் கூடப் போங்கள். மற்றது, சென்னைத் தமிழ் கதைத்துப் பழகு என்று யாராவது சொல்வார்கள். பழகட்டும், ஆனால் எங்கள் பேச்சுத் தமிழை விடக் கூடாது. 2012இல் சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம "இனி அவன்" படத்தை யாழ்ப்பாணத்தில் எடுத்தபோது தேவைப்பட்டது இந்தப் பேச்சுத்தான்.

பழைய ரசிகன்:
@மச்சாள் அந்தக் காசுக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். பதிவுத் தபாலில்.

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கம்பஸ் கதையை இரவு சாப்பிடும்போது எடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழும்பிப் போகவும் இல்லை. தங்கச்சி உடனே "அப்ப நான் நடிக்கலாம்தானே" என்று தொடங்க, அம்மம்மா மேசைக்குக் கீழே அவள் காலில் தட்டினா.