புதுப்பிப்பு: துவாமோத்து தீவுகளில் உல்லாசப் படகு

பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து பவளத்தீவுகளுக்குக் கட்டமரான் (இரட்டை உடல் கொண்ட படகு) வாடகைக்கு எடுப்பது பற்றிய என் முந்தைய பதிவில், "காயலுக்குள் (பவளப் பாறை வளையத்துக்கு உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு) நுழைவது எப்படி? நங்கூரம் சிக்காதா?" என்று கேட்டிருந்தார்கள்.

நுழைய ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) மட்டும் போதாது. தெற்கு அலை பெரிதாக இருந்தால் பாறைவிளிம்பைத் தாண்டிக் காயலுக்குள் நீர் கொட்டும். அதெல்லாம் முகத்துவாரம் (பாறை வளையத்தில் உள்ள திறப்பு) வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், நீரோட்டம் நிற்கும் நேரம் தள்ளிப்போகும். வெளியேறும் நீரும் எதிர்க்காற்றும் மோதினால் அலை செங்குத்தாக எழும். ரங்கிரோவா தீவின் திபுத்தா முகத்துவாரத்தில் டால்பின்களுக்கு அது விளையாட்டு, நமக்கு அல்ல. வாயிலில் வெள்ளை நுரை தெரிந்தால் வெளியிலேயே காத்திருங்கள்.

உள்ளே போனதும் சூரியன் உச்சியிலோ முதுகுப்பக்கமோ இருக்கும்போது மட்டும் நகருங்கள். போலராய்டு கண்ணாடியோடு ஒருவர் படகின் முன்முனையில் நிற்கட்டும். பழுப்பாகத் தெரிவது பவளப் பாறை.

நங்கூரம் மணல் திட்டில் மட்டும். காற்று திரும்பினால் சங்கிலி பாறையைச் சுற்றிக்கொள்ளும், பவளமும் உடையும். அதனால் சங்கிலியை மிதவைகளால் பாறைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும்: ஆழத்தைவிடச் சற்று அதிக நீளம் சங்கிலி இறங்கியதும் முதல் மிதவையைக் கட்டுங்கள். பிறகு எட்டு, பத்து மீட்டருக்கு ஒன்று. முத்துப் பண்ணைகளின் பழைய மிதவைகளே இதற்குப் போதும். படகில் மிதவை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.