கிளட்ச் மாற்றிய அனுபவம்: கியர்பாக்ஸ் இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

தாம்பரம்

போன வாரம் என் வேகன் ஆருக்கு கிளட்ச் மாற்றினேன். 2014 மாடல், பெட்ரோல், மீட்டரில் 86,000 கி.மீ. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போக வர தினமும் 35 கி.மீ. குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசலில் அந்த 35 கிலோமீட்டருக்குள் இடது கால் எத்தனை தடவை பெடலை மிதிக்கும் என்பது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

மூன்று மாதமாகவே அறிகுறி இருந்தது. முன்பெல்லாம் பெடலைப் பாதி தூக்கும்போதே வண்டி நகரும். இப்போது கிட்டத்தட்ட முழுசாக விட்ட பிறகுதான் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாறியதால் காலும் பழகிவிட்டது. ஒருநாள் தம்பி வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்து, "என்னண்ணா, கிளட்ச் இவ்வளவு மேல பிடிக்குது?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அப்போதே காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் ஏலகிரிக்குக் கிளம்பிவிட்டேன்.

வண்டியில் நான்கு பேர், பின்னால் பைகள், ஏ.சி. வேறு. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்போம். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. அப்புறம் அந்த வாடை. "எதுவோ கருகுதுப்பா" என்றார் அம்மா. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டேன். பிறகு ஏ.சி.யை நிறுத்திவிட்டு முதல் கியரிலேயே மெதுவாக ஏற்றி முடித்தேன். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்போது வண்டி இழுக்காமல் நிற்கும் பயம் எப்படிப்பட்டது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஊர் திரும்பியதும் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் உடனே "பிளேட் போச்சு" என்று சொல்லிவிடவில்லை. முதலில் கிளட்ச் கேபிளில் விளையாட்டு, அதாவது இறுகாமல் இருக்கும் சிறு தளர்வு, இருக்கிறதா என்று பார்த்தார். அட்ஜஸ்ட் செய்யும் மரை கடைசி வரை வந்திருந்தது. அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். சமமான ரோட்டில் 40 வேகத்தில் நாலாவது கியரைப் போட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினார். என்ஜின் அலறியது, முள் 40-ஐ விட்டு நகரவில்லை. "பாருங்க சார், ரெய்ஸ் எல்லாம் பிளேட்லயே வழுக்கிப் போகுது" என்றார்.

ஸ்பேர்ஸ் நானே வாங்கித் தருகிறேன் என்றேன், அவருக்கும் சம்மதம். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஆர்.சி.யைக் கையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரே பெயரில் வந்த வண்டியாக இருந்தாலும் என்ஜினைப் பொறுத்து பிளேட் அளவு மாறும். பாதி விலைக்கும் ஒரு செட் காட்டினார்கள், ஆனால் பெட்டியில் பார்ட் நம்பரே சரியாக அச்சாகவில்லை. பிளேட், அதை என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலில் அழுத்திப் பிடிக்கும் கவர், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டாக 4,600 ரூபாய்க்கு பில்லோடு வாங்கினேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வேலை ஆரம்பித்தது. பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, கேபிள்கள் எல்லாம் கழன்றன. கியர் ஆயிலை வடித்துவிட்டு இரண்டு ஆக்சிலையும் உருவினார்கள். என்ஜினுக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, பன்னிரண்டு மணிக்குள் கியர்பாக்ஸைத் தரையில் இறக்கிவிட்டார்கள். அண்ணனிடம் வேலை பார்க்கும் பையன் கவரைக் கழற்றியதும் கறுப்புப் பொடி கொட்டியது.

அண்ணன் பழைய பிளேட்டை என் கையில் கொடுத்து, "நகத்தை வச்சுத் தடவிப் பாருங்க" என்றார். புது பிளேட்டில் ரிவெட் தலை உள்ளே பதிந்திருக்கும், நகம் அந்தப் பள்ளத்தில் இறங்கும். பழையதில் பள்ளமே இல்லை. ஒரு பக்கம் ரிவெட் தலை வெள்ளி மாதிரி மின்னியது. அது உரசிய இடத்தில் கவரில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. ஃப்ளைவீலில் அங்கங்கே நீலம் பூத்த திட்டுகள், எல்லாம் ஏலகிரிச் சூட்டில் வந்தவை. ரிலீஸ் பேரிங்கைக் காதருகே பிடித்துச் சுற்றினால் கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம். இத்தனை நாள் பெடலை மிதித்தால் மட்டும் கேட்ட சத்தம் அதுதான். (பெடலை விட்டிருக்கும்போது சத்தம் கேட்டு, மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் கோளாறு பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கில் இருக்கலாம் என்றும் சொன்னார்.)

நான் பக்கத்தில் நின்றதால் தெரியவந்த முக்கியமான விஷயம் ஆயில் சீல். என்ஜினின் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலின் ஓரத்தில் லேசாக ஈரம் கசிந்திருந்தது. இன்னும் சொட்டும் அளவுக்கு வரவில்லை. "இதை இப்படியே விட்டா புது பிளேட்ல ஆயில் ஏறும், மறுபடி பாக்ஸ் இறக்கணும்" என்றார். 350 ரூபாய் சீல். பாக்ஸ் மாட்டியிருக்கும்போது அந்த இடத்தை யாராலும் பார்க்க முடியாது. மாற்றச் சொல்லிவிட்டேன். ஃப்ளைவீலை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட்டு, அதாவது முகத்தைச் சமமாகக் கடைந்து வாங்கினோம்.

திரும்ப மாட்டும்போது ஸ்ப்ளைனில் (பிளேட் மாட்டும் ஷாஃப்டின் பல்வரிகள்) விரல் நுனியால் தொட்டு வைத்த அளவுக்குத்தான் கிரீஸ். அதிகமானால் சுழலும்போது தெறித்து பிளேட்டில் படும். ஸ்பிரிங் புடைத்திருக்கும் பக்கம் பாக்ஸைப் பார்த்து இருக்கவேண்டும். பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய ஷாஃப்ட் துண்டை வைத்திருந்தார். கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். மாலை ஐந்தரைக்கு வண்டி வெளியே வந்தது.

செலவு: செட் 4,600, சீல் 350, கேபிள் 450, லேத் 500, கியர் ஆயில் 900, கூலி 2,800. மொத்தம் 9,600 ரூபாய்.

கோவை

எனக்கு நடந்தது வேறு மாதிரி, ஆனால் கேபிள் பற்றி நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி வழுக்க ஆரம்பித்தது. முதலில் காட்டிய இடத்தில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் 12,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சந்தேகத்தில் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். கேபிள் இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது, பெடலில் துளி விளையாட்டு இல்லை. பிளேட் தேயத் தேய கேபிள் இறுகிக்கொண்டே வருமாம். நடுவில் யாரும் தளர்த்தவில்லை. அதனால் காலை எடுத்த பிறகும் பேரிங் கவரை லேசாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நட்டைத் திருகிச் சரிசெய்ய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு 14 மாதம் அதே பிளேட்டில் ஓட்டினேன். பாக்ஸ் இறக்கச் சம்மதிக்கும் முன் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகளில் இந்த அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அதையும் மனதில் வையுங்கள்.

மதுரை

நீங்கள் செட்டாக மாற்றியது சரிதான். நான் காசைப் பார்த்து பிளேட் மட்டும் மாற்றினேன். கவர் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபேசிங் தேவையில்லை என்றார்கள், நானும் நேரில் பார்க்கவில்லை. இரண்டே வாரத்தில் முதல் கியரில் எடுக்கும்போதெல்லாம் வண்டி உதறியது. சிக்னலில் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் வரை நடுக்கம். மறுபடி பாக்ஸ் இறக்கி, கவரும் பேரிங்கும் வாங்கி, ஃப்ளைவீலையும் லேத்துக்குக் கொடுத்தேன். கூலி இரண்டு தடவை அழுதேன். மனைவி சேர்த்து வைத்திருந்த பணம் அது, இன்றும் மனசு ஆறவில்லை.

ஒரு கேள்வி: புது கிளட்ச் போட்டதும் எப்படி ஓட்டச் சொன்னார்?

தாம்பரம்

மதுரை நண்பருக்கு: முதல் 500 கி.மீ. மலைப் பாதை, முழுப் பாரம், விருட்டென்று எடுப்பது மூன்றும் வேண்டாம் என்றார். பிளேட்டும் ஃபேசிங் போட்ட ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று படிந்து உட்கார அவகாசம் வேண்டுமாம்.

என் காலைப் பற்றியும் சொன்னார். நின்ற இடத்தில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே சிக்னல் விழக் காத்திருப்பது என் பழக்கம். ஓடும்போதும் கால் பெடல் மேலேயே இருக்கும். மேம்பால ஏற்றத்தில் நின்றால் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவேன். இப்போது சிக்னலில் நியூட்ரல், ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக், ஓடும்போது கால் தரையில். முதல் இரண்டு நாள் இடது கால் தானாகவே பெடலுக்குப் போனது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து "கால்" என்று நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்.

நேற்று கத்திப்பாரா பாலம் ஏறும்போது முன்னால் எல்லாம் நின்றுவிட்டது. ஹேண்ட்பிரேக் இழுத்து நின்று, பெடலை மெதுவாக விட்டேன். பாதியிலேயே பிடித்தது. வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. இதுவரை 310 கி.மீ. ஓடியிருக்கிறது. 500 முடிந்ததும் அண்ணன் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார், கேபிளில் விளையாட்டு எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.